துறைத்தலைவரின் மேசையில் ஏழு மாதமாகக் கிடக்கும் கோப்பு

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி ஒருவர் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் பணியில் சேர்ந்து ஒன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. முனைவர் பட்டம் பெற்றவர். முதல் பணி மேம்பாடு உரிய காலத்தில் கிடைத்துவிட்டது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் புதிய துறைத்தலைவர் பொறுப்பேற்றார். அதன்பின் வாரத்துக்கு 20 மணி நேர வகுப்புகள் வாசகிக்கு வருகின்றன. தலைவருக்கு நெருக்கமான இருவருக்கு 12 மணி நேரம்தான். ஏழு ஆண்டுகளாக அவர் நடத்திவந்த முதுகலைத் தாள் பணியில் இளையவர் ஒருவருக்குப் போய்விட்டது. இந்தக் கல்வியாண்டில் துறைக் கூட்டம் ஒருமுறைகூட நடக்கவில்லை. ஆனால் கூட்டம் நடந்ததாக எழுதிய குறிப்பேட்டை அலுவலக உதவியாளர் ஒவ்வோர் அறையாக எடுத்துவந்து கையெழுத்து வாங்கிப் போகிறார். அடுத்த நிலைக்கான பணி மேம்பாட்டு விண்ணப்பம் ஏழு மாதமாகத் தலைவரின் மேசையில் கிடக்கிறது. வாசகியும் அவருடைய மாணவரும் எழுதிய இரண்டு கட்டுரைகளில், ஆய்வகம் துறையுடையது என்ற காரணம் சொல்லித் தலைவர் தம் பெயரையும் சேர்க்கச் செய்திருக்கிறார். வாசகி விடுப்பு எடுத்த நாளன்று இரவு 10.40க்கு, துறையின் வாட்ஸ்அப் குழுவில் ‘சிலர் சம்பளம் வாங்குவதற்கு மட்டும் வருகிறார்கள்’ என்று செய்தி போட்டிருக்கிறார். மாணவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டதும் உண்டு. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஆய்வு மாணவர் ஒருவரின் ஆய்வுச் சுருக்கம் நான்கு மாதமாக நகரவில்லை, அவருடைய உதவித்தொகை விரைவில் முடிகிறது.

இவரைத் துறைத்தலைவர் பதவியிலிருந்து நீக்க முடியுமா, பணியிடத் துன்புறுத்தல் என்று வழக்குப் போடலாமா, தாமும் மூன்று சக ஆசிரியர்களும் பெயர் போடாமல் தயாரித்து வைத்திருக்கும் மனுவை வேந்தர் அலுவலகத்துக்கும் முதல்வரின் தனிப்பிரிவுக்கும் அனுப்பலாமா, பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா, அல்லது பேசாமல் ராஜினாமா செய்துவிட்டுத் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் துறைத்தலைவர் மீது கோபம் வந்தது. இரண்டாம் முறை பென்சிலை எடுத்துக்கொண்டு குறைகளை எண்ணினேன்; பதினான்கு இருந்தன. அவற்றில் விதியைக் காட்டி நிவாரணம் கேட்கக்கூடியவை நான்கு. மற்ற பத்தும் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் அந்தப் பத்துதான் என்பதும் புரிகிறது. ஆனால் பதினான்கையும் ஒரே மனுவில் அடுக்கினால், படிக்கிற அதிகாரி முதல் பக்கத்திலேயே ‘இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை’ என்று முடிவு கட்டிக் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சர்வீஸ் வழக்குகள், அதாவது அரசுப் பணி தொடர்பான வழக்குகள் நடத்தும் எனக்கு அப்படி ஓரமாக வைக்கப்பட்ட கோப்புகளோடு நல்ல பழக்கம் உண்டு. பல சமயம் குறை உண்மையாகவே இருந்திருக்கும், ஆனால் அது ‘அவர் அப்படிப் பார்த்தார், இப்படிச் சொன்னார்’ என்ற வரிகளுக்கு நடுவே எங்கோ புதைந்து கிடக்கும்.

இன்னொன்றையும் நீங்களே நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் நிதியைத் துறைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான், பத்தாண்டாகப் பழுதாகிக் கிடந்த கருவிகளை மாற்றியவரும் இவர்தான். அனுமதிக்கப்பட்ட 11 பணியிடங்களில் 6 பேர்தான் இருக்கிறீர்கள், மிச்சத்தைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துச் சமாளிக்கிறீர்கள். தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவின் வருகைக்கான ஆவணங்களையும் அவரேதான் இரவு பகலாகத் தயாரித்தார். இதைப் படித்தபோது, நான் சட்டத்துக்கு வருவதற்கு முன் ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டு பாடம் நடத்தியபோது பார்த்த ஒருவகைத் தலைவர் நினைவுக்கு வந்தார். வெளியே போய்த் துறைக்காகச் சண்டை போடுவார்; உள்ளே வந்தால் துறை தம் வீடு, மற்றவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் என்ற எண்ணத்தோடு நடப்பார். அவரைப் பற்றி ஆறு ஆசிரியர்களைக் கேட்டால் ஆறுவிதமாகச் சொல்வார்கள். 12 மணி நேரம் வகுப்பு எடுக்கும் உங்கள் சக ஆசிரியர் இதே பகுதிக்குக் கடிதம் எழுதினால், ‘இப்படி ஒரு தலைவர் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும்’ என்று எழுதக்கூடும். ஆகவே அவர் நல்ல தலைவரா, கெட்ட தலைவரா என்ற விசாரணையை நாம் தொடங்க வேண்டாம். அதற்கு எந்த அலுவலகத்திலும் தீர்ப்பு கிடைக்காது. எந்தச் செயல், எந்த நாளில், எந்த விதிக்கு மாறாக நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

அவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது

‘என் எதிர்காலமே அவர் பேனா முனையில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது நீங்கள் நினைக்கும் அளவுக்கு உண்மையல்ல. உங்களை நியமித்தது ஆட்சிமன்றக் குழு (சிண்டிகேட்). துறைத்தலைவர் உங்களிடம் விளக்கம் கேட்கலாம், மேலிடத்துக்கு எழுதலாம்; அதற்குமேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ அவருக்குக் கிடையாது. பதினேழு பி (பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு விதி) என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் நடுங்க வேண்டியதில்லை.

பணி மேம்பாட்டிலும் அப்படித்தான். 2018ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளின்படி, உங்கள் நிலையில் இருப்பவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் துணைவேந்தர் அல்லது அவர் நியமிப்பவர் தலைவராக இருப்பார். புலத்தலைவர், துறைத்தலைவர், துணைவேந்தர் நியமிக்கும் பாட வல்லுநர் ஒருவர் ஆகியோர் உறுப்பினர்கள். நால்வரில் ஒருவர்தான் உங்கள் தலைவர். ஆண்டு மந்தண அறிக்கையில் ஏதாவது எழுதிவிடுவார் என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. பொதுப்பணியில் இருப்பவருக்கு எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும், அது பாதகமானதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தேவ் தத் வழக்கில் சொன்னது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. தெரிவிக்காமல் எழுதிவைத்த குறிப்பைக் காரணம் காட்டி உங்களுக்குப் பாதகம் செய்தால் அதை எதிர்க்க உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு.

அவருடைய அதிகாரத்தின் பெரும்பகுதி, நீங்கள் எல்லாவற்றையும் வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாகவே பதில் வாங்கி வருவதால் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டரை ஆண்டில் அவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றுகூட உங்கள் இணைப்புகளில் இல்லை.

மணிக்கணக்கு

நீங்கள் அனுப்பிய கால அட்டவணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் வைட்னர் பூசி, அதன்மேல் உங்கள் பெயரின் முதலெழுத்தை நீல மையில் எழுதியிருக்கிறார்கள். வைட்னருக்கு அடியில் வேறு ஒருவரின் முதலெழுத்து மங்கலாகத் தெரிகிறது. வியாழன் அன்றும் அப்படியே. உங்கள் பதினொரு பக்கங்களைவிட இந்த ஒரு படம் அதிகம் பேசுகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதே யுஜிசி விதிமுறை, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாத பணிச்சுமையையும், அதற்குள் நேரடிக் கற்பித்தலாக உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரத்தையும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரத்தையும் சொல்கிறது. உங்களுக்கு 20 என்பது மிகை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வாதத்தை ‘எனக்கு 16க்கு மேல் கொடுக்கக் கூடாது’ என்று தொடங்காதீர்கள். பாதிப் பணியிடங்கள் காலியாக இருக்கும் துறையில் யாராவது கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும் என்று அவர் பதில் சொல்லிவிடுவார். அதில் நியாயமும் இருக்கும். ‘கூடுதல் சுமையை ஏன் எல்லோருக்கும் பகிரவில்லை’ என்று கேளுங்கள். உங்களைப் போலவே உதவிப் பேராசிரியராக இருப்பவருக்கு 12 மணி நேரமும் உங்களுக்கு 20 மணி நேரமும் என்பதற்குக் காலிப் பணியிடம் காரணமாக முடியாது. அந்த இருவரில் ஒருவருக்கு வேறு நிர்வாகப் பொறுப்பு எதுவும் கொடுத்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கவனிக்காமல் மனுக் கொடுத்து முகத்தில் கரி பூசிக்கொண்டவர்கள் உண்டு.

முதுகலைத் தாள் விஷயத்தில் நான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. ஏழு ஆண்டு நடத்தியதால் ஒரு தாள் நமக்குச் சொந்தமாகிவிடாது. பாடங்களைப் பகிர்ந்தளிப்பது துறைத்தலைவரின் வழக்கமான அதிகாரம். அதில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. மனம் வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் மனுவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

மேசையில் கிடக்கும் கோப்பு

உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் இது. பெரிய தவறான எண்ணமும் இதைப் பற்றித்தான். தலைவர் கையெழுத்துப் போடாத ஒவ்வொரு மாதமும் உங்கள் பதவி உயர்வு நாள் ஒரு மாதம் தள்ளிப்போவதாகக் கணக்குப் போட்டு, இழந்த ஊதியத்தைக்கூட எழுதியிருக்கிறீர்கள். விதிமுறை அப்படிச் சொல்லவில்லை. தகுதி நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. குறைந்தபட்சத் தகுதிக் காலம் முடிகிற சமயத்தில் விண்ணப்பித்து, பரிசீலனையில் தேறினால், குழு எப்போது கூடினாலும் மேம்பாடு அந்தத் தகுதி நாளிலிருந்தே வரும். விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் பரிசீலனையை முடிக்க வேண்டும் என்ற பொறுப்பும் பல்கலைக்கழகத்தின் மேல் இருக்கிறது. நிலை 11இல் (முதல் மேம்பாட்டில் உங்களுக்குக் கிடைத்த ஊதிய நிலை) ஐந்து ஆண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள். ஆகவே நாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் விண்ணப்பித்த நாளுக்குச் சான்று வேண்டும், அங்கேதான் இடறுகிறது. விண்ணப்பத்தை அவர் மேசையில் நேரே வைத்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்வரவு எண் இல்லை, நகலில் ஒப்புகைக் கையெழுத்தும் இல்லை. நாளை அவர் ‘சென்ற வாரம்தான் கொடுத்தார்’ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நல்லவேளையாக, அன்று இரவே ‘பிடிஎஃப் பிரதியும் அனுப்புங்கள்’ என்று அவர் கேட்க, நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மின்னஞ்சல்தான் இப்போது உங்கள் ஒப்புகைச் சீட்டு. நாளும் நேரமும் தெரியும்படி அச்செடுத்து வீட்டில் வையுங்கள்.

பிறகு, அவருக்கு ஒரு சிறிய கடிதம் கொடுங்கள். கோபம் தெரிய வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, பணி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் நிலை 11இலிருந்து நிலை 12க்கான என் விண்ணப்பத்தை இன்ன தேதியில் நேரிலும், அன்றே மின்னஞ்சல் வழியாகவும் தங்களிடம் அளித்தேன். அது பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட நாளையும் அனுப்புகை எண்ணையும் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன். விண்ணப்பத்தில் குறை ஏதேனும் இருப்பின் சுட்டிக்காட்டினால் உடனே சரிசெய்து தருகிறேன்.’

அவ்வளவுதான். துறை அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் பதிவுசெய்து, சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், விண்ணப்பத்தின் முன்நகலையும் இந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்துப் பதிவாளருக்கு நேரடியாக அனுப்பலாம். உரிய வழியில் முயன்று, அந்த வழி அடைபட்டிருக்கிறது என்று காட்டியபின் செய்வதால் இது ஒழுங்கு மீறல் ஆகாது.

இரண்டு எச்சரிக்கைகள். யுஜிசி விதிமுறை மாநிலப் பல்கலைக்கழகத்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது நெடுநாள் சர்ச்சை. மாநில அரசு ஏற்றுக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் வந்த சில தீர்ப்புகளின் போக்கு வேறு. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை 2021இல் அரசாணை வழியாக ஏற்றிருக்கிறது. ஆகவே உங்கள் மனுவில் யுஜிசி விதியை மட்டும் சொல்லாமல், அந்த அரசாணையையும் அதை உங்கள் ஆட்சிமன்றக் குழு ஏற்ற தீர்மானத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றொன்று, உங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பணியிடம் காலியாகி ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் நடக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பரிசீலனைக் குழுவைக் கூட்டுவதே அங்கே தாமதமாகலாம். துறைத்தலைவர் நாளையே கையெழுத்துப் போட்டாலும் கோப்பு இன்னோர் இடத்தில் போய் நிற்கலாம். அந்தத் தாமதத்தையும் இவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கட்டுரையில் யார் பெயர்

இதை நீங்கள் பண்புக் குறைவு என்ற அளவில் பார்க்கிறீர்கள். எனக்கு இதில் வேறு இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று மதிப்பெண். நீங்களும் மாணவரும் மட்டும் எழுதிய அறிவியல் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8 என்றால், இருவர் கட்டுரையில் ஒவ்வொருவருக்கும் அதில் 70 விழுக்காடு, அதாவது 5.6 வரும். மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தவுடன் கணக்கு மாறுகிறது: முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோதான் (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு 30. மாணவர் முதல் ஆசிரியர், தலைவர் தொடர்பு ஆசிரியர் என்று போட்ட அந்தக் கட்டுரையில் உங்களுக்கு மிஞ்சியது 2.4. இப்போதைய மேம்பாட்டில் இது பெரிதாகத் தெரியாது; அடுத்து இணைப் பேராசிரியருக்கு 70 ஆராய்ச்சி மதிப்பெண் காட்ட வேண்டிய நாளில் தெரியும்.

மற்றொன்று இதைவிடக் கவனிக்க வேண்டியது. இரண்டாம் கட்டுரையோடு இதழுக்கு அனுப்பிய பங்களிப்பு அறிக்கையில் ‘கருத்தாக்கம்’ என்ற இடத்தில் தலைவரின் பெயரைப் போட்டு, கீழே நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அவர் எந்தப் பங்களிப்பும் செய்யவில்லை என்று இன்று நீங்கள் புகார் எழுதினால், அன்று பொய் அறிக்கை கொடுத்தவர் யார் என்ற கேள்வி உங்களை நோக்கித் திரும்பும். வற்புறுத்தலால் போட்டேன் என்பது விளக்கம்தானே தவிர, முழு விடுதலை ஆகாது. எனவே வெளிவந்துவிட்ட இரண்டு கட்டுரைகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த கட்டுரைக்கு எழுதத் தொடங்கும்போதே, யார் யார் என்ன செய்கிறார்கள், பெயர் வரிசை என்ன என்று மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அவர் ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். ஆய்வகம் கொடுத்ததற்கு நன்றியுரையில் துறைக்கும் தலைவருக்கும் தாராளமாக இடம் கொடுங்கள். அதற்குமேலும் பெயர் கேட்டால், ‘பங்களிப்பு அறிக்கையில் தங்கள் பங்கை என்னவென்று குறிப்பிடட்டும் ஐயா’ என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது என்பதால் பலர் இந்த இடத்தில் பின்வாங்கிவிடுவார்கள்.

போகக் கூடாத கதவுகள்

குறைதீர்ப்பாளரிடம் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். 2023ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின்கீழ் நியமிக்கப்படும் குறைதீர்ப்பாளர் மாணவர்களின் குறைகளுக்கானவர். ஆசிரியரின் மனுவை அவர் எடுத்துக்கொள்ள முடியாது.

பணியிடத் துன்புறுத்தல் என்று பொதுவாக வழக்குப் போட நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கானது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் அந்தச் சட்டத்தை இழுக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வழி முற்றிலும் வேறு. அதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

தலைவரை நீக்குவது பற்றி: சில பல்கலைக்கழகங்களில் பணிமூப்பு உள்ளவரே ஓய்வுபெறும்வரை தலைவர்; சிலவற்றில் சுழற்சி முறை. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஸ்டாட்யூட்டில் (விதித்தொகுப்பில்) எது இருக்கிறது என்று பாருங்கள். சுழற்சி இருந்தால் அடுத்தவருக்கு முறை வரும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் நீக்கச் சொல்லிக் கேட்பதில் பலன் இல்லை.

பெயர் போடாத மனுவைக் கிழித்துப் போடுங்கள். மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்பது பொதுவான அலுவலக நடைமுறை. நடவடிக்கை வராது, ஆனால் அதன் நகல் எப்படியோ துறைத்தலைவரின் கைக்கு வந்து சேரும். 6 பேர் உள்ள துறையில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு அரைமணி நேரம் போதும். சொல்லும் குறை உண்மை என்றால் நால்வரும் பெயரோடு, தேதியோடு, அவரவருக்கு நடந்ததை மட்டும் அவரவரே எழுதுங்கள். நான்கு தனித்தனி மனுக்களுக்கு இருக்கும் எடை ஒரு கூட்டு மனுவுக்குக்கூட இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

கூட்டக் குறிப்பேட்டில் கையெழுத்து

நடக்காத கூட்டத்துக்கு நீங்கள் இதுவரை கையெழுத்திட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கால அட்டவணையைத் ‘துறைக் கூட்டத்தில் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்’ என்று அந்தக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், 20 மணி நேரத்துக்கு நீங்களே சம்மதித்ததாக ஆகிவிடும். இனிமேல் குறிப்பேடு வந்தால் மறுக்கவும் வேண்டாம், வெறுமனே கையெழுத்திடவும் வேண்டாம். ‘சுற்றுக்கு வந்தது, பார்த்தேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். பழைய பக்கங்கள் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள்: சென்ற இரண்டு கல்வியாண்டுகளின் கூட்டக் குறிப்புகளின் நகல், துறையின் அனைத்து ஆசிரியர்களின் வகுப்பு நேர ஒதுக்கீடு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்; இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும், காரணத்தை அல்ல.

வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து வைத்தால் மட்டும் போதாது. செய்தி இருக்கும் கைப்பேசியை மாற்றாமல் வைத்திருங்கள். 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்குப் பிரிவு 63இன்கீழ் சான்றிதழ் வேண்டும். ஆனால் பெயர் குறிப்பிடாத அந்த ஒரு வரியை வைத்து எதையும் கட்டாதீர்கள். இனி அப்படிச் செய்தி வந்தால், வேண்டுமானால் மறுநாள் காலையில் அவரைத் தனியாகப் பார்த்து, ‘நேற்றைய செய்தி என்னைக் குறித்ததா ஐயா’ என்று கேட்டுவிடுங்கள். குழுவில் பதில் போடாதீர்கள்.

நீங்கள் கடிதம் எழுதத் தொடங்கியதும் மெமோ வர வாய்ப்புண்டு. வந்தால் வாங்க மறுக்க வேண்டாம். கொடுத்த கெடுவுக்குள், கேட்டதற்கு மட்டும் நான்கு வரியில் பதில் கொடுங்கள். விடுப்பு, வருகைப் பதிவு, விடைத்தாள் திருத்தம் ஆகியவற்றில் இந்த ஆண்டு ஒரு சிறு இடைவெளிகூட விடாதீர்கள். அங்கேதான் தேடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு கோப்பு நகராவிட்டால் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகம் அதற்கு உட்பட்டது. என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நிலையில் நீதிமன்றம் உங்களுக்குப் பதவி உயர்வு கொடுக்காது; மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடுக என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்லும். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் அந்த உத்தரவு கிடைப்பதற்கு முன் நீங்கள் கொடுத்த மனுவும் அதற்கான ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு தூரம் தபால் முத்திரையைப் பற்றிப் பேசினேன்.

ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். பரிசீலனை நிலுவையில் இருக்கும்போது போனால், ஏழு மாதமாக எதற்குக் காத்திருந்தீர்களோ அதை விட்டுவிட்டுப் போகிறீர்கள். போக வேண்டுமென்றே தோன்றினால், மேம்பாட்டு உத்தரவு கைக்கு வந்தபின் போங்கள். திங்கட்கிழமை காலைகளில் வயிற்றைப் புரட்டுகிறது, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருப்பது என் துறை அல்ல. அதற்கு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, நீங்கள் கடைசி வரியில் எழுதிய மாணவர். அவருடைய வேலையை நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். உங்கள் கோப்பு தாமதமானாலும் நாள் பின்னோக்கிக் கிடைக்கும்; அவருக்கு நின்றுபோகும் உதவித்தொகை அப்படி வராது. ‘துறைத்தலைவர் கூட்டம் கூட்ட மறுக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டின் யுஜிசி முனைவர் பட்ட விதிமுறைகளில், ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டுநர் துறைத்தலைவர் அல்லர், நெறியாளர். அதாவது நீங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் ஆய்வை எடுத்துரைக்க வேண்டியதும் அந்தக் குழுவின் முன்தான். உங்கள் பல்கலைக்கழக விதி வேறுவிதமாகச் சொல்லாத வரை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே உறுப்பினர்களுக்குக் கூட்ட அறிவிப்பை அனுப்பலாம். துறைத்தலைவருக்கு ஒரு பிரதி, அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி. கூட்டம் முடிந்த அன்றே குறிப்பை எழுதி, வந்திருந்தவர்கள் அங்கேயே இருக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.